கரண்ட் போனாலும் புகை இழுக்கும் கூண்டு

சென்ற அத்தியாயத்தில் அடுப்பு மேடையை எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று பார்த்தோம். இப்போது அதற்கு மேலே தொங்க வேண்டியதற்கு வருவோம். தமிழ்நாட்டில் அதற்குச் ‘சிம்னி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைக்காரர் ‘ரேஞ்ச் ஹுட்’ என்பார். நான் புகைக்கூண்டு என்று சொல்லப்போகிறேன். மோட்டாரைக் கடையில் வாங்கிவிடலாம். கூண்டைத்தான் நாம் யோசித்துச் செய்ய வேண்டும்.

நாம் குடியிருக்கும் யங்கோனில் சிம்னி வாங்கப் போகிறவர் இரண்டு கேள்விகளோடு போகிறார். எவ்வளவு இழுக்கும்? பார்க்க எப்படி இருக்கும்? மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. கரண்ட் இல்லாதபோது அது என்ன செய்யும்? 2021-க்குப் பிறகு சுழற்சி முறை மின்வெட்டு இந்த ஊரின் அன்றாடமாகிவிட்டது. பேட்டைக்குப் பேட்டை நேரம் போட்டுக் கரண்ட் வருகிறது, போகிறது. அது போன வேளையில்தான் பல வீடுகளில் கரி அடுப்பு வெளியே வருகிறது. அதாவது புகை அதிகமாகும் நேரமும் மோட்டார் நிற்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் இந்த ஊரில் கூண்டின் வடிவத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மோட்டார், பூச்சு, பளபளப்பு எல்லாம் பிறகு.

எப்போது புகைகிறது?

பர்மியக் குழம்பில் ‘சீ ப்யான்’ என்றொரு பக்குவம் உண்டு. எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்குவது என்று பொருள். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய் எல்லாவற்றையும் அரைத்துத் தாராளமான எண்ணெயில் போடுகிறார்கள். மசாலாவில் தண்ணீர் இருக்கும்வரை சட்டியில் கொதிப்புச் சத்தம்தான் கேட்கும், மேலே வருவது ஆவி. தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறிப் பொரிய ஆரம்பிக்கிறது. எண்ணெயின் சூடு நூறு டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் காற்றோடு கிளம்புவது அப்போதுதான். அலமாரிக் கதவில் விரலை வைத்தால் ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்பு அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தின் மிச்சம்.

இதோடு பலாச்சாவுங் பொரிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த இறால், பூண்டு, வற்றல் மிளகாய். ஙப்பி என்னும் மீன் விழுதை வறுக்கும் வீடென்றால் வாடை மாடிப்படிவரை இறங்கும். நம் வீடுகளின் தாளிப்பும் மீன் வறுவலும் இதற்குச் சளைத்தவை அல்ல. அவித்தும் வேகவைத்தும் சாப்பிடுகிற ஊருக்காகச் செய்த மெல்லிய கண்ணாடிச் சிம்னி இங்கே ஆறு மாதத்தில் திணறிப்போவதற்குக் காரணம் இதுதான். புகையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

உங்கள் வீட்டின் குறுக்குவெட்டு

நகரின் நடுப்பகுதிக்கு 1850-களில் கோடு போட்டவர்கள் மருத்துவர் மான்ட்கோமரியும் பொறியாளர் ஃப்ரேசரும். 30, 50, 100 அடி அகலத்தில் தெருக்களை வகுத்தார்கள். அந்தச் சட்டத்துக்குள்தான் இன்றும் குடியிருக்கிறோம். பன்னிரண்டரை அடி அகலமும் ஐம்பது அடி நீளமுமாக, ரயில் பெட்டி போன்ற அடுக்குமாடி வீடு இங்கே சர்வசாதாரணம். லிஃப்ட் இல்லை. மேல்மாடிக்காரர்கள் கிளிப் மாட்டிய கயிற்றைத் தெருப்பக்கம் தொங்கவிட்டு, செய்தித்தாளையும் காய்கறிப் பையையும் தூக்கிக்கொள்கிறார்கள்.

முன்னால் தெரு, பின்னால் சந்து, சமையலறை பின்பக்கம். வாசலில் நின்றால் கொல்லை தெரியும் நம் ஊர் நீள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பைக் குறை சொல்ல வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். தெருப்பக்க ஜன்னலைக் கையளவு திறந்து வைத்தால் ஐம்பதடி நீளமும் காற்றுக் குழாயாகிவிடும். கூண்டு வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டால் சத்தம்தான் மிச்சம்.

மழையையும் கணக்கில் எடுங்கள். யங்கோனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மே நடுவிலிருந்து அக்டோபர்வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும். எண்ணிட்ட தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதால் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்க்கின்றன. உங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது என்றால் சமையலறையின் முதுகு மேற்கில் இருக்கும். மழை அங்கேதான் அடிக்கும். கீழ்த்தளங்களுக்கு எதிர்க் கட்டடமே மறைப்பு. நாலாவது மாடிக்கு மேலே குடியிருப்பவர்கள் குழாயின் வெளிவாயில் மழைத்தொப்பியும், எதிர்க்காற்றில் தானாக மூடிக்கொள்ளும் தட்டும் இல்லாமல் கூண்டு மாட்டவே கூடாது.

நான்கு அளவுகள்

வடிவம் எதுவானாலும் இந்த நான்கும் மாறாது. ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

முதலாவது அகலம். கூண்டு அடுப்பைவிடப் பக்கத்துக்கு மூன்று அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். 28 அங்குல இரட்டை அடுப்புக்கு 36 அங்குலக் கூண்டு. அடுப்பளவே கூண்டு போட்டால் ஓரத்தில் வழியும் புகை முழுவதும் உங்கள் முகத்துக்கு வரும்.

இரண்டாவது உயரம். கேஸ் அடுப்பின் மேல்தட்டிலிருந்து கூண்டின் அடிவிளிம்புவரை 26 முதல் 30 அங்குலம். கரி அடுப்பைத் தூக்கி மேடைமேல் வைக்கும் பழக்கம் இருந்தால், அதை வைத்துவிட்டு அதன் வாயிலிருந்து அளவெடுங்கள். இந்த ஒன்றை மறந்து, கரி அனலுக்கு அரையடி மேலே ஃபில்டரைத் தொங்கவிட்டவர்கள் உண்டு.

மூன்றாவது குழாய். “அண்ணே, நாலங்குலப் பைப்பே போதும், ஓட்டையும் சின்னதாப் போயிரும்” என்பார் மாட்ட வருகிறவர். ஒப்புக்கொள்ளாதீர்கள். நாலங்குலக் குழாயின் வாய் பன்னிரண்டரைச் சதுர அங்குலம், ஆறங்குலக் குழாயின் வாய் 28 சதுர அங்குலம். பாதிக்கும் குறைவான வழியில் அதே காற்றைத் திணித்தால் மோட்டார் அலறும், புகை நிற்கும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக் குழாய் அல்லது எவர்சில்வர் குழாய் போடுங்கள். மடிப்பு மடிப்பான நெகிழ் குழாயில் எண்ணெய் தங்கும். கழிவுநீருக்குப் போடும் பிவிசி குழாய் சூட்டில் இளகும், தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். ஒரு வளைவுக்கு மேல் வேண்டாம். குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும், அடிக்குக் கால் அங்குலம் போதும்.

நான்காவது காற்றின் அளவு. சமையலறை பன்னிரண்டரைக்குப் பத்தடி, உயரம் பத்தடி என்றால் 1,250 கன அடி. மணிக்குப் பதினைந்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 310 கன அடி, அதாவது மணிக்கு 530 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்ட எண் குழாய் மாட்டாமல் சோதித்தது. அதனால் 700 முதல் 900 வரை எழுதியிருப்பதை வாங்குங்கள். அதற்கு மேல் இந்த அளவு அறைக்கு வீண்.

வித்தியாசமான வடிவங்கள்: எது உதவும், எது படத்துக்கு மட்டும்

மோட்டார் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெரிய கூண்டுகள் இருந்தன. போர்ச்சுகலின் சின்ட்ரா அரண்மனைச் சமையலறைக்குத் தனியாக ஒரு கூண்டு இல்லை. கூரையே கூண்டாகி, 33 மீட்டர் உயரத்துக்கு இரண்டு வெள்ளைக் கூம்புகளாக எழுந்து நிற்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டனில் ஜான் நாஷ் 1815-க்குப் பிறகு மாற்றிக் கட்டிய அரண்மனையின் சமையலறையில், பனைமரம் போலச் செய்த இரும்புத் தூண்களும், சுவரோரம் செம்புத் தகட்டில் கூடாரத் துணி தொங்குவது போன்ற புகைக்கூண்டுகளும் உள்ளன. கண்ணுக்கு அலங்காரமாகத் தெரிவது புகைக்கு வழி. வித்தியாசமான கூண்டு வேண்டும் என்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான். அழகு அகலத்திலும் ஆழத்திலும் வரட்டும்.

அதை மனத்தில் வைத்து, யங்கோனில் செய்யக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புனல் கூண்டு. எவர்சில்வர் தகட்டை மடித்து, கவிழ்த்த புனல் போலச் செய்வது. தகரப் பட்டறைக்காரர் எவரும் செய்வார். தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிராது. கீழ்விளிம்பில் ஆறங்குலம் நேராக இறங்கும் ஒரு பாவாடை விடச் சொல்லுங்கள். பொரிக்கும்போது குப்பென்று எழும் புகை அந்த ஆழத்தில் ஒரு நொடி தங்கி நின்று பிறகு மேலே போகும். தட்டையான, மெல்லிய கடைச் சிம்னியில் தங்க இடமே இல்லை. கரண்ட் இல்லாதபோது வித்தியாசம் தெரியும். இந்த அத்தியாயத்தில் ஒன்றைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

இரட்டை வாய்க் கூண்டு. புனல் கூண்டின் அடுத்த படி. நின்றுபோன மோட்டாரின் விசிறிச் சக்கரம் கிட்டத்தட்ட ஒரு மூடி மாதிரி. புகை அதன் இடுக்கு வழியே போகாது. அதனால் கூண்டின் முதுகில் இன்னொரு வாய் விடுங்கள், ஒன்பது அங்குலச் சதுரம். அது பின்சுவரின் உயரத்தில் இருக்கும் வென்டிலேட்டருக்கு நேராகத் திறக்கட்டும். கையால் இழுக்கும் தகட்டுக் கதவு ஒன்று அதற்கு. கரண்ட் இருக்கும்போது கதவை மூடிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். போனதும் திறந்துவிடுங்கள். கரி அடுப்பின் சூடான காற்று தானாக மேலேறி அந்த வழியே வெளியேறும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டால் மட்டும், வெளிக்காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

கவிழ்த்த தேக்சா. கல்யாணப் பிரியாணி ஆக்கும் பெரிய அலுமினிய தேக்சா ஓட்டையானால் காயலான் கடைக்குப் போகும். அதன் அடிப்பாகத்தில் ஆறங்குல வட்டம் வெட்டி, வாய் கீழே வரும்படி கவிழ்த்து, மூன்று சங்கிலியில் தொங்கவிட்டால் ஒற்றை அடுப்புக்கு அருமையான கூண்டு. டான்பௌக் என்னும் பர்மியப் பிரியாணிக் கடைகளுக்குப் பேர்போன ஊரில் இதைவிட மண்ணுக்கேற்ற வடிவம் கிடைக்காது. வாய் அகலம் 24 அங்குலமாவது இருக்க வேண்டும். சுத்தியல் தழும்புகளை மெருகு போட்டு அழித்துவிடாதீர்கள். எண்ணெய் சொட்டாமல் இருக்க, உள்விளிம்பைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் மடித்துவிடச் சொல்லுங்கள். பித்தளை, செம்புத் தேக்சா கிடைத்தால் இன்னும் அழகு. ஆனால் எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்க்க ஆள் வேண்டும்.

சாந்துக் கூண்டு. பழைய காலனிக் கட்டடங்களின் உயரமான கூரைக்கு எடுப்பாக இருக்கும். சுவரிலிருந்தே வளர்ந்து வந்தது போல வெள்ளையாக ஒரு சரிவு. செங்கல்லில் கட்டாதீர்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டியதல்ல. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின் அதிர்வு யங்கோன்வரை எட்டியது, தலைக்கு மேலே செங்கல் தொங்க வேண்டாம். இரும்புச் சட்டம், அதன்மேல் சிமென்ட் பலகை, அதன்மேல் மெல்லிய பூச்சு. உள்ளே கட்டாயம் எவர்சில்வர் தகடு. பூச்சில் எண்ணெய் ஏறினால் கறை போகாது.

தேக்கு உறை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் தேக்குப் பலகையும் கதவும் கிடைத்தால் விடாதீர்கள். காரைக்குடி வீடுகளுக்குத் தூணாகப் போனது இங்கிருந்து ஏற்றிய தேக்குதான். தேக்கு இயல்பிலேயே எண்ணெய்ப்பசை உள்ள மரம், ஈரத்தில் சட்டென உப்பாது. ஆனால் மரம் மரம்தான். வெளியுறையாக மட்டும் இருக்கட்டும். உள்ளே தகட்டுக் கூண்டு, இரண்டுக்கும் நடுவே ஓரங்குல இடைவெளி, அடுப்பிலிருந்து 30 அங்குலத்துக்குக் குறையாத உயரம். கீழ்விளிம்பு மரமாக இருக்கக் கூடாது, தகடு மடிந்து வெளியே வந்து அதை மூட வேண்டும்.

லாக்கர் பலகை. பகானின் லாக்கர் வேலைப்பாட்டைக் கூண்டின் நெற்றியில் வைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. 1924-இல் தொடங்கிய அரசு லாக்கர் பள்ளி இன்றும் பகானில் இருக்கிறது. கறுப்புப் பூச்சின்மேல் கீறி நிறம் ஏற்றும் ‘யுன்’ வேலை சமையலறைக்குத் தனி மதிப்புத் தரும். அடியில் இருப்பது மூங்கில் அல்லது மரம் என்பதை மறக்க வேண்டாம். கூண்டின் மேல்பாதியில், குழாயை மறைக்கும் இடத்தில் மட்டும், கழற்றித் துடைக்கும்படி மாட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோபுர உச்சிக் குடையான ‘ட்டீ’யின் வடிவம், படையல் பாத்திரத்தின் வடிவம், புத்தர் உருவம் இவற்றில் எதையும் அடுப்புக்கு மேல் கொண்டுவராதீர்கள். அலங்காரம் என்று நினைப்பது இங்கே அவமதிப்பாகிவிடும். காதில் ஹெட்ஃபோன் மாட்டிய புத்தர் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக, யங்கோன் மதுக்கூடம் ஒன்றைச் சேர்ந்த மூவருக்கு 2015-இல் இரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஜன்னல் கூண்டு. வாடகை வீட்டுக்காரர்களுக்கானது. சுவரைத் துளைக்க அனுமதி இல்லை, ஆனால் பின்பக்கம் ஜன்னல் இருக்கிறது. அடுப்பை அதன் அடியில் நகர்த்துங்கள். ஜன்னலின் மேல்பாதியில் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடித்து, அதில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துங்கள். அதன் முன்னால் சரிந்த ஒரு தகட்டுக் குடை. குழாயே இல்லை, வளைவே இல்லை. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். செலவும் இதில்தான் குறைவு.

இனி, படத்தில் மட்டும் நன்றாக இருப்பவை. மூங்கிலும் பிரம்பும் பின்னிய விளக்குக் கூடைக் கூண்டு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தீப்பொறிக்குக் காத்திருக்கும். வேண்டவே வேண்டாம். மேடைக்குள்ளிருந்து எழும்பிப் புகையைக் கீழ்நோக்கி இழுக்கும் வகை, தோசைக்கல்லுக்குச் சரி, உயரமான குழம்புச் சட்டியின் வாயிலிருந்து கிளம்பும் புகை அதற்கு எட்டாது. நடு அறையில் தொங்கும் உருளைக் கூண்டுக்கு நான்கு பக்கமும் இடம் வேண்டும், பன்னிரண்டரை அடி வீட்டில் தலைதான் இடிக்கும். குழாயே இல்லாமல், கரி ஃபில்டர் வழியாகக் காற்றைத் திருப்பி அறைக்குள்ளேயே விடும் வகை வாடையைக் கொஞ்சம் குறைக்கும், சூட்டையும் ஈரத்தையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

கரண்ட் இல்லாத வேளை

சாதாரண சிம்னி மோட்டார் 200 வாட் அளவில் தின்னும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 1,200 வாட்-அவர் இருக்கிறது. பேட்டரி கெடாமலிருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால் 600. இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் கழித்தால் சிம்னி மூன்று மணி நேரம்கூட முழுதாக ஓடாது. அதே பேட்டரியில் 25 வாட் எடுக்கும் 12 வோல்ட் டிசி விசிறி ஒரு நாளைக்கே ஓடும். இரட்டை வாய்க் கூண்டின் இரண்டாவது வாயில் அந்தச் சிறு விசிறியை வைத்துவிடுங்கள். கூரையில் ஒரு சோலார் தகடு வைக்க முடிந்தால் பகல் சமையலுக்குப் பேட்டரிகூட வேண்டாம். கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும் பேட்டை என்றால், பெரிய மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் வாங்கிவிடுவது லாபம்.

கரி அடுப்புக்கு ஒரு தனி விதி. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண் எரியவில்லை என்பதால் அறை பாதுகாப்பானது என்று ஆகாது. சிம்னியின் எந்த ஃபில்டரும் அதைப் பிடிக்காது. கரி கனியும் நேரம் முழுவதும் பின் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், மழையானாலும் சரி. சமைத்து முடிந்த கனலை மூடிய அறையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த ஊர் அடுப்புகளுக்கு வரும் கரியில் ஒரு பங்கு ஐராவதி முகத்துவாரத்தின் அலையாத்திக் காட்டை வெட்டிச் சுட்டது. கேஸுக்கு வழியிருப்பவர்கள் கரியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தும் அண்டை வீடும்

கூண்டின் ஒரு முனை உங்கள் அடுப்பில், மறுமுனை எதிர்வீட்டுக்காரரின் மூக்கில். பின்சந்து பலகாலம் குப்பை விழும் இடமாகத்தான் இருந்தது. 2016-க்குப் பிறகு தோ எய்ன் என்ற அமைப்பு, குடியிருப்போரோடு சேர்ந்து சில சந்துகளைச் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து, செடி வைத்து, குழந்தைகள் விளையாடும் இடமாக்கியது. அந்தச் சந்தில் எண்ணெய் சொட்டும் குழாயை நீட்டினால் வரவேற்பு இருக்காது. எதிர் ஜன்னலுக்கு நேராகவும், கீழ்வீட்டுத் துணிக்கொடிக்கு மேலாகவும் வாய் வைக்காதீர்கள். மேல்மாடிக்காரர்கள் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிடுங்கள். உயரம் கூடக்கூட, மோட்டார் இல்லாமலே இழுக்கும் பலமும் கூடும்.

துளையிடும் முன் இரண்டு விஷயங்கள். தூணையும் உத்தரத்தையும் தொடாதீர்கள், செங்கல் அடைப்பில் மட்டும் துளையிடுங்கள். யங்கோன் நகர வளர்ச்சிக் குழு 1990-களில் பட்டியலிட்ட 189 பாரம்பரியக் கட்டடங்களில் ஒன்றில் குடியிருந்தால், தெருப்பக்க முகப்பில் எதையும் நீட்டாதீர்கள். பின்பக்கத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

துடைக்க முடியாத அழகு வேண்டாம்

ஒரு மாதம் துடைக்காத கூண்டின் அடியில் நின்று மேலே பாருங்கள். வலை ஃபில்டர் படுக்கையாக இருந்தால், நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு துளி கனத்துக்கொண்டிருக்கும். சட்டியிலிருந்து ஆவி எழுந்து அதைத் தொட்டதும் இளகி, நேராகக் குழம்புக்குள் விழும். போன மாதத்து மீன் எண்ணெய் இன்றைய பருப்பில். இதைத் தவிர்க்க ஃபில்டரை 45 டிகிரிக்குக் குறையாத சரிவில் வையுங்கள். துளி சரிவில் வழிந்து, ஓரத்து வாய்க்காலில் இறங்கி, கிண்ணத்தில் சேரும். வலையைவிட, மடித்த தகடுகளை எதிரெதிராக அடுக்கிய பேஃபிள் ஃபில்டர் நம் சமையலுக்கு ஏற்றது. அடைக்காது, கழுவவும் எளிது.

தினமும் பொரிக்கும் வீடு என்றால் வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, கொதிக்கும் நீரில் சோடா மாவு போட்டு அரைமணி ஊறவிட்டுக் கழுவுங்கள். அலுமினிய ஃபில்டரைச் சோடா கறுக்கவைக்கும், அதற்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரே போதும். கிண்ணத்து எண்ணெயைச் சந்துச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குழாயின் உட்புறத்தை மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழாயில் படிந்த எண்ணெய்தான் அடுப்புத் தீயை அடுத்த மாடிக்குக் கொண்டுபோகும்.

வடிவம் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைக்க வேண்டும். உங்கள் கை எட்டாத மூலை, துணி நுழையாத இடுக்கு, கழற்ற முடியாத ஆணி, இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வடிவத்தை மாற்றுங்கள்.

அட்டைப் பெட்டியில் ஓர் ஒத்திகை

பட்டறையில் தகடு வெட்டும் முன், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, முழு அளவில் ஒரு கூண்டு செய்யுங்கள். உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் இரண்டு நாள் அதன் கீழே வேலை செய்வதுபோல நின்று பழகுங்கள். தலை இடிக்கிறதா? மேல் அலமாரி திறக்கிறதா? வீட்டில் உயரமானவர் குனிய வேண்டியிருக்கிறதா? சாமி அலமாரிக்கு நேராகப் புகை போகிறதா? தகட்டில் திருத்த ஒரு வாரமாகும், அட்டையில் ஐந்து நிமிடம்.

கூண்டு மாட்டி முடிந்ததும் ஊதுபத்திச் சோதனை. நான்கு ஊதுபத்தியைச் சேர்த்துக் கொளுத்தி, அடுப்பின் நடுவில் அல்ல, முன் ஓரத்தில் பிடியுங்கள். முதலில் மோட்டாரைப் போட்டு: புகை வளைந்து உள்ளே போக வேண்டும். பிறகு மோட்டாரை அணைத்து, இரண்டாம் வாயைத் திறந்து, அடுப்பில் ஒரு சட்டி வெந்நீரைக் கொதிக்கவிட்டு: புகை மெதுவாகவாவது கூண்டுக்குள் ஏறி வெளியேற வேண்டும், உங்கள் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் கூண்டை இரண்டு அங்குலம் இறக்குங்கள், அல்லது பாவாடையை நீட்டுங்கள், அல்லது தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையில் தேறும்வரை பட்டறைக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.